தோக்கப் போறோம்னு தெரிஞ்சும் சில பேரு ஒவ்வொரு எலெக்சன்லயும் ஏன் நிக்கிறாங்க?

கேள்விய பார்த்ததும் சிரிப்பு வந்துருச்சு. ஏன்னா இதே கேள்விய எங்க அப்பாயி எங்க தாத்தாகிட்ட இருபது வருசமா கேட்டுச்சு, அதுவும் சும்மா கேக்கல, வெறகுக் கட்டைய கையில வச்சிக்கிட்டு கேட்டுச்சு.

தாத்தா இலங்கை மலையகத்துல பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல கவ்வாத்து வெட்டுன ஆளு, அதாவது தேயிலைச் செடிய வெட்டி எறக்குற வேலை. 1991ல இருந்து 2011 வரைக்கும் பிரதேச சபை, மாகாண சபை, பாராளுமன்றம்னு ஒன்பது தடவை எறங்குனாரு, எல்லாமே சுயேச்சை. எட்டு தடவை தோத்தாரு. ஒரு தடவை லிஸ்ட்டே தள்ளுபடி ஆயிருச்சு, அத மட்டும் தோல்வில சேக்க மாட்டாரு, "அது மழைக்கு நின்ன மேட்ச்சுடா"ம்பாரு. டவுன்ல அவரு பேரு "எலெக்சன் தாத்தா". கடைக்காரங்க தூரத்துல பார்த்தாலே "என்னா ஐயா, இந்தவாட்டி மந்திரி ஆனா எனக்கு என்னா பதவி"னு சத்தம் போடுவாங்க, இவரும் நின்னு "ஒனக்கு நிதி அமைச்சு தாறேன், மொதல்ல எனக்கு குடுக்க வேண்டிய மிச்ச சல்லி அஞ்சு ரூவாய குடு"ன்னுட்டு போவாரு.

கோமாளினு தான் எல்லாரும் நெனச்சாங்க. சின்ன வயசுல நானும் அப்புடித்தான் நெனச்சேன், ஸ்கூல்ல பயலுக "ஒங்க தாத்தா படம் செவுத்துல கிழிஞ்சு தொங்குது"னு சொல்லி சிரிக்கும்போது ரெண்டு நாள் பேசாம இருந்திருக்கேன். அவரு ஏன் நின்னாருங்குறது எனக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் தான் வெளங்குச்சு, அதுக்கு கொஞ்சம் பழைய கதை சொல்லணும், மலையகத்து ஆளுங்களுக்கு தெரிஞ்ச கதை தான், மத்தவங்களுக்காக சொல்றேன்.

1947ல மொத பாராளுமன்ற தேர்தல் நடந்தப்ப தோட்டத்து சனங்களுக்கு ஓட்டு இருந்துச்சு. இலங்கை இந்திய காங்கிரஸ்ல ஏழு பேரு ஜெயிச்சு உள்ள போனாங்க, நுவரெலியால தொண்டமான், தலவாக்கலையில சி.வி. வேலுப்பிள்ளைனு. தாத்தாவுக்கு அப்ப 10 வயசு. அவங்க அப்பா வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு ஓட்டு போட போனத, கூடவே இவரு நாலு கட்டை (மைல்) நடந்து போனத கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு, அந்த வேட்டி அவங்க அப்பாவோட கல்யாண வேட்டியாம். 1948ல பிரஜாவுரிமை சட்டம் வந்து எங்க சனங்களுக்கு குடியுரிமை இல்லாம போச்சு, அடுத்த வருசம் ஓட்டும் போச்சு. அதுக்கப்புறம் 1977ல தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியா தொகுதில மூணாவது உறுப்பினரா வர்ற வரைக்கும் 30 வருசம் எங்க சனங்கள்ல இருந்து ஒருத்தர் கூட தேர்தல்ல ஜெயிச்சு பாராளுமன்றம் போகல. அந்தக் கல்யாண வேட்டி மறுபடி வெளியில வந்தது அவங்க அப்பாவ பொதைக்கும்போது தான்.

நடுவுல 1964ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இங்க, மிச்சம் ஒன்ற லட்சம் பேர பத்தி பொறகு பேசிக்குவோம்னு ரெண்டு நாட்டு தலைவருங்களும் உக்காந்து கணக்கு போட்டாங்க. தாத்தா இத சொல்லும்போது குரலே மாறும், ஆனா அப்பவும் நக்கல் போகாது. "கொழுந்து நிறுக்குற மாதிரி நம்மள நிறுத்தானுங்கடா, தட்டுக்கு இவ்ளோ தண்ணிக்கு இவ்ளோனு கழிச்சிருப்பானுங்க, அந்தக் கழிச்ச கிலோ தான் நாம"ம்பாரு. கொழுந்து நிறுக்குற மடுவத்துல நின்னவங்களுக்கு அந்த வலி புரியும். அவரோட அண்ணன் குடும்பம் கோச்சி ஏறி தலைமன்னார் போயி, கப்பல்ல ராமேஸ்வரம் போயி, கடைசியில கூடலூர் பக்கம் தேயிலத் தோட்டத்துலயே போயி சேந்துச்சு. தேயிலைய விட்டு போனவங்க மறுபடி தேயிலைக்கே. 1977ல அங்கருந்து ஒரு கடுதாசி, "தம்பி நான் ஓட்டு போட்டேன், வெரல்ல மை வச்சாங்க"னு. தாத்தா அத ரெண்டு தடவை படிச்சிட்டு மடிச்சு வச்சிட்டு அன்னைக்கு ராவு சாப்புடலையாம். அப்பாயி தான் சொல்லுச்சு, அவரு இத சொன்னதே இல்ல.

தாத்தாவுக்கு பிரஜாவுரிமை சர்டிபிகேட் வந்தது 1979ல. மொத ஓட்டு 1982 அக்டோபர்ல, ஜனாதிபதி தேர்தல், வயசு 45. சரி ஒரு வழியா வந்துருச்சேனு சந்தோசப்பட்டு முடியல, அதே வருசம் டிசம்பர்ல சர்வஜன வாக்கெடுப்பு வந்துருச்சு. பாராளுமன்றத்த தேர்தல் இல்லாமலே இன்னும் 6 வருசத்துக்கு நீடிக்கலாமா, ஆமான்னா வெளக்கு, வேணாம்னா குடம். இத வச்சு தாத்தா 20 வருசம் ஜோக்கடிச்சாரு: "45 வருசம் காத்திருந்து பந்தியில உக்காந்தேன், மொத வாய் சோறு உள்ள போகல, அதுக்குள்ள எலைய எடுக்கலாமானு என்கிட்டயே கேட்டானுங்க." கூட்டம் சிரிச்சு முடியுற வரைக்கும் நிப்பாட்டி, அப்புறம் மெதுவா, "நான் குடத்துக்கு போட்டேன். எலை போயிருச்சு"ம்பாரு.

1991ல பிரதேச சபைக்கு மொத தடவை தேர்தல் வந்தப்ப தான் இவரு எறங்குனாரு. பிரதேச சபை விசயத்துல ஒரு பெரிய கூத்து இருந்துச்சு, இப்ப உள்ள பிள்ளைகளுக்கு தெரியாது. தோட்டத்து சனங்க ஓட்டு போடலாம், தோட்டத்து ஆளு மெம்பர் ஆகலாம், ஆனா 1987 சட்டத்துல 33வது பிரிவு இருக்கு பாருங்க, அதுபடி அப்ப சபைக் காச தோட்டத்துக்குள்ள செலவழிக்க வழி இல்ல. தோட்டம் கம்பெனியோட எடமாம். லயத்துக்கு (தோட்டத்து சனங்க இருக்குற வரிசை வீடுங்க) போற ரோட்டுல குழி விழுந்தா சபை பார்க்க ஏலாது, கம்பெனி பார்க்காது, குழி அது பாட்டுக்கு வளரும். தாத்தாவோட மொத நோட்டீஸ்லயே ஒரு வரி தான் இருந்துச்சு: "ஓட்டு தோட்டத்துல, ரோட்டு நாட்டுல." நாட்டுன்னா எங்க பக்கம் சிங்கள கிராமம். அவங்க மேல அவருக்கு ஒரு கோவமும் இல்ல, நாட்டுல அவருக்கு கூட்டாளிங்க நெறய பேரு, "அவனுக்கு ரோட்டு போட்டது தப்பில்ல, எனக்கு போடாதது தான் தப்பு"னு அதையும் சொல்லிருவாரு. போதாக்குறைக்கு அம்பகமுவ பிரதேச சபை அப்ப ரெண்டு லட்சத்துக்கு மேல சனம் உள்ள சபை, ஒரே ஆபீசு, மஸ்கெலியாவுல உள்ளவனும் பொகவந்தலாவையில உள்ளவனும் ஒரே கவுண்டர்ல நிக்கணும்.

சுயேச்சையா நிக்கிறது லேசுனு நெனக்காதீங்க. விகிதாசார முறையில தனி ஆளா நிக்க ஏலாது, குழுவா நிக்கணும், முழு லிஸ்ட் குடுக்கணும். பாராளுமன்றம்னா மாவட்டத்துக்கு எத்தன எம்.பி.யோ அதோட இன்னும் மூணு பேரு. பிரதேச சபை லிஸ்ட்ல அப்ப நூத்துக்கு 40 பேரு 18லருந்து 35 வயசுக்குள்ள எளைஞருங்களா இருக்கணும்னு சட்டம், அதுக்கு வயச காட்ட பொறப்புச் சான்றிதழ் வேணும். இங்க தான் தாத்தாவோட நெசமான எலெக்சன் நடக்கும். ராவு ஆனா டோர்ச் லைட்ட எடுத்துக்கிட்டு லயம் லயமா போவாரு, ஓட்டு கேக்க இல்ல, ஆளு தேடி. ஆளு கெடப்பான், சான்றிதழ் கெடக்காது. சான்றிதழ் இருக்கும், பேரு சரியா இருக்காது, வீட்டுல கூப்புடுறது ரவி, அடையாள அட்டையில ரவிச்சந்திரன், பொறப்புச் சான்றிதழ்ல எவனோ கிளாக்கர் காதுல விழுந்தத எழுதி "றாவீ"னு இருக்கும். ஒரு பையனுக்கு சான்றிதழ்படி அவங்க அம்மாவ விட நாலு வயசு தான் கம்மி. தாத்தா அத பார்த்துட்டு "இவன் எளைஞன் இல்லடா, இதிகாசம்"னுட்டாரு.

அதோட ஒவ்வொருத்தனையும் சமாதான நீதவான் முன்னுக்கு கூட்டிட்டு போயி கையெழுத்து வாங்கணும். கையெழுத்து போடுற அன்னைக்கு தான் ஒவ்வொருத்தனுக்கும் அவங்க தோட்டத் தலைவரோட மூஞ்சி ஞாபகத்துக்கு வரும், தீவாளி அட்வான்ஸ் கெடைக்குமா, நாள் சம்பளத்துக்கு பேரு போடுவாங்களா, வீட்டுக்கு கூரைத் தகரம் வருமானு யோசனை வந்துரும், வயித்து வலினு படுத்துக்குவான். ஒரு தடவை அப்புடி கடைசி ராத்திரி ரெண்டு பேரு கழண்டுக்கிட்டாங்க, தாத்தா விடியக்காலம் ஆளுங்கள வேலைக்கு பிரிச்சு விடுற பெரட்டு களத்துக்கே போயி ரெண்டு பயலுகள புடிச்சிட்டு வந்தாரு, அதுல ஒருத்தன் எங்க அப்பா. கவனிச்சுக்கங்க, சொந்த மகனையே பெரட்டு களத்துல வச்சு தான் புடிக்க வேண்டி இருந்துச்சு, வீட்டுல கேட்டா அப்பாயி விடாது. அந்த வருசம் தான் லிஸ்ட் தள்ளுபடி ஆச்சு. ஒரு பொறப்புச் சான்றிதழ்ல அத்தாட்சி கையெழுத்து விட்டுப் போயிருச்சு. எங்க அப்பாவோடது தான்.

கட்டுக்காசு எங்கருந்து வரும்னு கேப்பீங்க. லிஸ்ட்ல உள்ளவங்க தலைக்கு இவ்ளோனு கட்டணும், தோத்துப்போய் ஓட்டும் பத்தலைன்னா அம்புட்டும் அரசாங்கத்துக்கு. தாத்தா சீட்டுக் காசு, தீவாளி அட்வான்ஸ் எல்லாத்தையும் போட்டு, பத்தாததுக்கு அப்பாயியோட காதுத் தோட்ட அடகு வச்சாரு, ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை அது திரும்பி வரவே இல்ல. இத நான் ஜோக்கா சொல்ல மாட்டேன். அப்பாயி கடைசி வரைக்கும் காதுல வேப்பங்குச்சி தான் போட்டிருந்துச்சு, கேட்டா "எந்தோடு பாராளுமன்றத்துல இருக்கு"ம்.

அப்பாயி ஒரு தடவை கூட அவருக்கு ஓட்டு போட்டதில்ல. தொண்டமான் கட்சியோட சின்னம் சேவலுக்கு தான் போடும், மூடி மறைக்காது, போட்டுட்டு வந்து வாசல் இஸ்தோப்புல உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டே "சேவலுக்கு தான் போட்டேன், நீ ஜெயிச்சு கொழும்பு போயிட்டா வெறகு யாரு பொளப்பா"னு கேக்கும். தாத்தாவுக்கு இதுல ஒரே பெருமை. மேடையிலயே சொல்வாரு, "ரகசிய வாக்குரிமைய பகிரங்கமா பாவிக்கிற ஒரே பொம்பள எம்பொண்டாட்டி தான், இந்த தைரியம் உள்ளவ எந்தப் பக்கம் இருந்தா என்னா."

சின்னம்னு பார்த்தா பெரிய கட்சிக்காரங்களுக்கு அவங்கவங்களோடது இருக்கும், சுயேச்சைக்கு மிஞ்சுனது தான். ஒரு வருசம் கேத்தல் வந்துச்சு. தாத்தாவுக்கு லொட்டரி விழுந்த மாதிரி. அடுப்புல கெடந்த கரி புடிச்ச கேத்தல தூக்கிக்கிட்டு கெளம்பிட்டாரு, லயத்துக்கோடில நின்னு கரண்டியால தட்டுவாரு, சத்தம் கேட்டு சனம் வரும். "மத்தவனெல்லாம் எலெக்சன் நேரத்துல ஒங்களுக்கு ஊத்துவான், அஞ்சு வருசம் ஒங்கள புழிவான். நான் வெறுங் கேத்தலோட வந்திருக்கேன், நீங்க ஊத்துங்க"ம்பாரு. நெசமாவே ஊத்துனாங்க. நாலு லயம் சுத்திட்டு வீட்டுக்கு வரும்போது கேத்தல்ல அரைவாசிக்கு சாயத்தண்ணி, ஒரு வீட்டுது இஞ்சி, ஒரு வீட்டுது வெறும் சீனித்தண்ணி, எல்லாம் கலந்து, அத எங்களுக்கு ஊத்திக் குடுத்து "இது தான்டா கூட்டணி ஆட்சி, ருசி பாரு"னாரு. வாயில வைக்க ஏலாது.

வாய் தான் அவருக்கு சொத்து, வாய் தான் வினை. ஒருக்கா பெரிய ஆளு ஒருத்தரு (பேரு வேணாம்) தோட்டத்து மேல் கணக்குக்கு (மேல் பிரிவுக்கு) தண்ணி பீலி தெறந்து வைக்க வந்தாரு. மாலை, மேளம், பளிங்குக் கல்லுல அவரு பேரு தங்க எழுத்துல. குழாய தெறந்தா காத்து தான் வருது. எல்லாரும் கம்முனு நிக்கிறாங்க. தாத்தா கூட்டத்துல இருந்து சொன்னாரு, "ஐயாவுக்கு ஒரு பேரு விழுந்துருச்சு, எங்களுக்கு அரைப் பேரு கூட விழல." தோட்டத்துல பேருன்னா ஒரு நாள் சம்பளம், கிலோ கொறஞ்சா அரைப் பேரு. வேலை செய்யாமலே பேரு போட்டுக்கிட்டாருனு அர்த்தம். கொழுந்து எடுக்குற பொம்பளைங்க சிரிச்ச சிரிப்புல மேளக்காரனும் சிரிச்சிட்டான். அதுக்கு கூலி, அடுத்த மூணு மாசம் தாத்தாவுக்கு மலை உச்சியில இருக்குற, ஆளு நிக்க முடியாத சரிவுல வேலை. யாரு சொல்லி யாரு போட்டாங்கனு நான் கெளற வரல.

கவ்வாத்து பத்தி அவரு ஒண்ணு சொல்வாரு, எல்லா கூட்டத்துலயும் சொல்வாரு, எனக்கு மனப்பாடம். "தேயிலைய விட்டா அது மரம், முப்பது அடி வளரும். நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வெட்டி எறக்குறதால தான் இடுப்பு ஒசரத்துல நின்னு நமக்கு கொழுந்து குடுக்குது. தலைவருங்களும் அந்த சாதி தான், வெட்டாம விட்டா கைக்கு எட்ட மாட்டாங்க. நான் எந்த மரத்து மேலயும் கோவக்காரன் இல்ல, கத்தி வச்சிருக்குறவன், அவ்ளோ தான்." நல்லா தான் இருக்கும் கேக்க. ஆனா ஜெயிச்சிருந்தா என்னா செஞ்சிருப்பாருனு கேட்டா சத்தியமா எனக்கு தெரியாது. அவருகிட்ட திட்டம்னு ஒண்ணு இருந்த மாதிரி தெரியல. லயத்துக்கு பதிலா தனி வீடு, பேருக்கு நல்ல காசு, பாலர் பாடசாலை, இதெல்லாம் எல்லாரும் சொல்றது தான். ஓட்டை பிரிக்க பெரிய கட்சிகிட்ட காசு வாங்கிட்டு நிக்கிறாருனும் ஒரு பேச்சு இருந்துச்சு. காசு வாங்கியிருந்தா அப்பாயி காதுல தோடு இருந்திருக்கும், அதனால நான் நம்பல.

ஒரே ஒரு தடவை அவருக்கு நெசமாவே ஆசை வந்துச்சு, 1994ல. அந்த வருசம் மலையக மக்கள் முன்னணி சந்திரசேகரன் நுவரெலியா மாவட்டத்துல சுயேச்சைக் குழுவுல நின்னு ஜெயிச்சாரு, சந்திரிக்கா ஆட்சி அமைக்க 113 எம்.பி. தேவைப்பட்டப்ப அந்த ஒத்த ஆளோட ஆதரவும் சேந்து தான் கணக்கு சரியாச்சு. சுயேச்சைல போன ஒரு தோட்டத்து ஆளு கையில அரசாங்கமே நின்னுச்சு! தாத்தாவும் அதே தேர்தல்ல வேற சுயேச்சைக் குழுவுல நின்னு மண்ண கவ்வுனவரு தான், ஆனா ஒரு மாசம் தானே ஜெயிச்ச மாதிரி டவுன்ல நடந்தாரு. "குழு நம்பர் தான்டா மாறிப்போச்சு"னு.

ரிசல்ட் வர்ற ராத்திரி எங்க வீட்டுல தூக்கம் கெடையாது. ரேடியோ பக்கத்துல தாத்தா, கையில அடுப்புக் கரித்துண்டு. எல்லா கட்சியும் முடிஞ்சு, சுயேச்சைக் குழு எல்லாம் கடைசியில சரசரனு வாசிப்பாங்க, இவருது வந்ததும் எந்திரிச்சு போயி கதவுக்கு உள் பக்கம் கரியால நம்பர எழுதுவாரு. 61. 143. 88. 212. ஒரு தடவை வாசிக்கிறவரு வேகமா தாண்டிட்டாரு, மறுநாள் பேப்பர் வர்ற வரைக்கும் மனுசன் பச்சத்தண்ணி குடிக்கல. 143 வந்த வருசம் நன்றி சொல்ல லயம் லயமா போனாரு, "நாங்க ஒங்களுக்கு தான் ஐயா போட்டோம்"னு சொன்னவங்கள எண்ணிப் பார்த்தா 400 வந்துருச்சு. வந்து ரொம்ப சீரியசா சொன்னாரு, "257 பேரு பொய் சொல்றானுங்க, ஆனா மரியாதையான பொய்."

எனக்கு பதினேழு பதினெட்டு வயசு இருக்கும்போது கேட்டுட்டேன், ஏன் தாத்தா நிக்கிறீங்க, அசிங்கமா இல்லையானு. அவரு கவ்வாத்துக் கத்திய தீட்டிக்கிட்டு இருந்தாரு, நிமிந்து கூட பார்க்கல. "எங்கப்பன் ஓட்டு இல்லாம செத்தான். எங்கண்ணன் ஓட்டுக்காக கடல தாண்டுனான். தோக்குறதுக்கு கூட எனக்கு 54 வயசு வரைக்கும் வாய்ப்பு கெடைக்கல, அசிங்கமாம் இவனுக்கு"னு சொல்லிட்டு தீட்டிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் தான் அந்தக் கதவ நான் ஒழுங்கா பார்த்தேன். 61 பேரு, 143 பேருனு தான் அவரு படிச்சிருக்காரு, நாங்க தான் அத மார்க் மாதிரி படிச்சிருக்கோம்.

2016ல செத்தாரு. ரெண்டு வருசம் பொறுத்திருந்தா பார்த்திருப்பாரு, 2018ல அம்பகமுவைய உடைச்சு நோர்வுட், மஸ்கெலியானு புது சபைங்க வந்து தேர்தல் நடந்துச்சு, அதே வருசம் 33வது பிரிவயும் திருத்துனாங்க. அந்தத் தேர்தலுக்கு முன்னுக்கு எங்க வீட்டுக்கு வாக்காளர் அட்டை வந்துச்சு, அதுல தாத்தா பேருலயும் ஒண்ணு. யாரும் பேரை வெட்ட சொல்லி அறிவிக்கல போல. அப்பாயி அத எடுத்து படத்துக்கு கீழ செருகி வச்சிருச்சு.

அப்புறம் ஒரு நாள் ஜீ.எஸ். ஐயா (கிராம சேவகர்) பதிவ சரிபார்க்க பாரத்தோட வந்தாரு, நல்ல மனுசன், தமிழ் பேசுவாரு. "அம்மா, ஐயா பேர எடுக்கணும், இதுல ஒரு கையெழுத்து மட்டும், அஞ்சு நிமிச வேலை"னாரு. ஒரு தடவை கூட அவருக்கு ஓட்டு போடாத அப்பாயி பாரத்த வாங்கி பார்த்துச்சு, எழுத்து படிக்க தெரியாது, ஆனா அந்தப் பேரு எழுதுன எடம் எதுனு தெரியும். "இந்தப் பேர ஏத்த முப்பது வருசம் ஆச்சு, எறக்க அஞ்சு நிமிசமா"னு கேட்டுச்சு. அவரு என்னா சொல்வாரு, கீழ குனிஞ்சுக்கிட்டாரு. கையெழுத்து கடைசியில எங்க அப்பா தான் போட்டாரு. அப்பாயி எந்திரிச்சு போயி அந்தக் கரிக் கேத்தல அடுப்புல வச்சு, ஜீ.எஸ். ஐயாவுக்கு சீனி போட்டா போடாமலானு உள்ள இருந்தே சத்தமா கேட்டுச்சு.